இன்ஸ்பெக்டர் வரும்வரை பூட்டியிருந்த அலமாரி

காலை ஒன்பதேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது ஒரு பூட்டு. திண்டுக்கல் பூட்டு, உள்ளங்கை அகலம். பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவரோரம் நின்ற அலமாரியின் இரண்டு கதவுகளையும் அது சேர்த்துப் பிடித்திருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். அலமாரியிலிருந்து இரண்டு முழம் தள்ளித் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளையின் கால்விரல்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. எவ்வளவு ஒழுங்கு என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கொற்கைக்கு அருகே, வயல் முடிந்து பனை தொடங்கும் இடத்தில் இருந்த சபைப் பள்ளிக்கூடம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும் கூடத்தில்தான் மற்ற நாட்களில் நான்கு வகுப்புகளும் நடந்தன. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை என் தோழி. பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சி பெற்ற காலம் முழுவதும் நாங்கள் ஒரே அறையில் இருந்தவர்கள். பயிற்சி முடிந்தாலும் சான்றிதழ் உடனே கைக்கு வந்துவிடாது. ஏதாவது ஒரு பள்ளியில் ஓராண்டு வேலை பார்க்க வேண்டும். ஆண்டு முடிவில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து உட்காருவார். அவர் கண்முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டி, அவர் ஒப்பினால்தான் சான்றிதழ் முழுமையாகும். என் பாடம் முந்திய வாரமே திருநெல்வேலியில் முடிந்துவிட்டது, ஒப்பிவிட்டார். அவளுடைய பாடம் மறுநாள். அவளுக்கு உதவத்தான் நான் மாட்டுவண்டியில் வந்து இறங்கியிருந்தேன். வண்டியில் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன.

"ஏட்டி, வந்துட்டியா!" என்று அவள் ஓடிவந்தாள். "ஸ்ரீவைகுண்டத்துல இருந்து இந்த ரோட்டுல வந்தா எலும்பெல்லாம் கழண்டிருக்குமே. வழியில ஒண்ணு ரெண்டு விழுந்திருந்தா நாளைக்குப் பொறுக்கிக்கிடலாம். இப்பம் உள்ள வா."

மெலிந்திருந்தாள். குரல் கம்மியிருந்தது. பயிற்சியின்போது குரலை உயர்த்தாமலே வகுப்பை நடத்துகிறவள் என்று பெயர் வாங்கியவள் அவள். மாதிரிப் பாடத்தை அவள் நடத்தும் நாட்களில் எங்களையெல்லாம் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். துணிப்பந்து, மரக்கட்டை, குன்றிமணி, சாயம் போட்ட பனையோலைக் கீற்று இவற்றை வைத்துக்கொண்டு எண்ணையும் நிறத்தையும் வடிவத்தையும் பிள்ளைகள் கையாலேயே கண்டுபிடிக்கச் செய்வாள். கிண்டர்கார்ட்டன் முறை என்று அதற்குப் பெயர். நான் அதைப் பாடமாகப் படித்தேன். அவளுக்கு அது பேச்சு வருவதுபோல வந்தது.

அப்படியிருக்க திருநெல்வேலி டவுன் பள்ளிக்கு நான் எப்படிப் போனேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பயிற்சி முடிந்த அன்று சபைப் பள்ளிகளின் மானேஜர் எங்களைக் கூப்பிட்டார். டவுனில் ஓர் இடமும் கொற்கைப் பக்கம் ஓர் இடமும் இருந்தன. மதிப்பெண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை. யார் பாடம் நன்றாக இருந்தது என்றும் கேட்கவில்லை. "டவுன்ல தங்க வீடு யாருக்கு இருக்கு?" என்று மட்டும் கேட்டார். தச்சநல்லூரில் எனக்கு ஒரு சித்தி இருந்தாள். நான் கையைத் தூக்கினேன். அவ்வளவில் முடிந்தது. வெளியே வந்ததும் என் தோழி, "ஒன் சித்தியப் போல எனக்கும் ஒரு சித்தி இருந்திருந்தா ஒன்ன வெரட்டியிருப்பேன், போ" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

டவுன் பள்ளியின் தலைமையாசிரியை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் ஆண்டு முழுவதையும் எனக்குச் சொல்லிவிட்டார். முதல் மூன்று மாதம் ஒரே வகுப்பு. மதியத்துக்கு மேல் வகுப்பு கிடையாது. மறுநாள் பாடத்துக்கு வேண்டியதைச் செய்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அவர் பின்னால் வந்து உட்காருவார். அதன்பிறகு கூடுதலாக இரண்டாம் வகுப்பில் கணக்கு மட்டும். இன்ஸ்பெக்டர் ஒப்பினால் அடுத்த ஆண்டு எந்த வகுப்பு என்பதும் அப்போதே முடிவாகியிருந்தது. தச்சரை அழைத்து மரக்கட்டைகள் செய்யச் சொன்னார். தச்சர் செய்ததில் பாதி கோணல். அதையும் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொன்னார். முதல் மாதம் என் பாடம் சந்தைக்கடை ஆயிற்று. பிள்ளைகள் கட்டையால் ஒருவரை ஒருவர் எறிந்தார்கள். தலைமையாசிரியை பின்னாலிருந்து எழுந்து வந்து, "நாளைக்கும் இதே பாடத்த எடு. எறிஞ்சு சலிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. பிறகு அவர்கள் அடுக்கத் தொடங்கினார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தோழி பாளையங்கோட்டை வந்தபோது அவளுடைய ஆண்டு எப்படிப் போகிறது என்று தெரிந்தது. அவள் பயிற்சியில் தன் கையால் செய்த சாமான்களையெல்லாம் சேர்ந்த அன்றே பெரிய வாத்தியார் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பெரிய வாத்தியார் என்பது அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். சாமான் இல்லாவிட்டால் என்ன என்று அவள் பிள்ளைகளைப் புளியமரத்தடிக்கு அழைத்துப்போய்ப் புளியமுத்தை எண்ணவைத்தாள். இரண்டாம் நாளே தகப்பன்மார் வந்துவிட்டார்கள். "படிக்க அனுப்பினமா, முத்து வெளையாட அனுப்பினமா?" என்று கேட்டார்கள். அத்தோடு அதுவும் நின்றது. பிறகு ஒன்றாம் வகுப்போடு இரண்டாம் வகுப்பும் அவள் தலையில் விழுந்தது. இரண்டு வகுப்பையும் சேர்த்து வாய்ப்பாடு சொல்லவைப்பதுதான் வழி. மற்ற இரண்டு வகுப்புகளின் சத்தத்துக்கு மேலே சொல்லவைக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு நான் தலைமையாசிரியையிடம் போனேன். எங்கள் பள்ளிச் சாமானில் இரண்டு பெட்டி இரவல் கேட்டேன். கொடுத்தார். கொடுக்கும்போது, "பெட்டி போனா போதுமா? அவ பாடத்துக்கு ஒரு வாரம் முந்தியே போ. லீவு தாரேன்" என்றார். அந்த ஒரு வாரத்துக்குள்தான் என் பாடமும் வந்தது. என் பாடத்தை முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். 

ஆகவே நான் வந்து சேர்ந்தது அவளுடைய பாடத்துக்கு முந்திய நாள்.

பெரிய வாத்தியார் என்னை மரியாதையாக வரவேற்றார். ஐம்பதைத் தாண்டியவர். வெளுத்த கோட்டின் பொத்தானில் சாவிக்கொத்து தொங்கியது. "வாங்கம்மா, வாங்க. டவுன் பள்ளிக்கூடத்துச் சாமானா? பெட்டிய இங்கன வைங்க. பைய, பைய."

"ஐயா, இன்னைக்கு ஒரு நாளாவது பிள்ளையள் கையில சாமானக் குடுத்துப் பாக்கட்டுமா?" என்று தோழி கேட்டாள். கேட்ட விதத்திலிருந்து அது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது.

"நாளைக்குத்தானம்மா எடுக்கப் போறோம். இன்னைக்குக் குடுத்தா நாளைக்கு எண்ணிக்கை கொறையும்." பிறகு என் பக்கம் திரும்பினார். என்னிடம் நியாயம் கேட்பதுபோல இருந்தது. "ஒங்களுக்குத் தெரியாது. முந்தி இங்கன ஒரு உலக உருண்டை வாங்கினோம். பயலுவ உருட்டி வெளையாடி, இன்ஸ்பெக்டர் வரும்போது அதுல ஆப்பிரிக்காவக் காணோம். சாமான் பேணத் தெரியாத பள்ளிக்கூடம்னு சொல்லிட்டாரு. சர்க்கார் குடுக்குற கிராண்டு கொறஞ்சுபோச்சு. மானேஜர் யாரப் பிடிச்சாரு? பயலுவளையா பிடிச்சாரு? என்னையில்லா பிடிச்சாரு!"

பக்கத்தில் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த வாத்தியார், "ஆப்பிரிக்கா மட்டுமா அண்ணாச்சி, பாதிக் கடலும்லா போச்சு" என்றார். "நீரு சும்மா கெடயும்வே" என்றார் பெரிய வாத்தியார். ஆனால் அவரும் கொஞ்சம் சிரித்தார்.

கெட்ட மனிதர் இல்லை. அதை நான் அன்றே பார்த்தேன். பூட்டைத் திறந்து என் பெட்டிகளை உள்ளே வைப்பதற்குமுன் மேல்துண்டால் தட்டைத் துடைத்தார். தோழியின் துணிப்பந்துகள் அங்கே நிறம் மங்காமல் வரிசையாக இருந்தன. நடுவில் வேப்பிலை போட்டிருந்தார், பூச்சி அரிக்காமல் இருக்க. ஓராண்டாக வாரம் ஒருமுறை அவரே எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். அந்த அலமாரியில் இருந்ததைப்போல எங்கள் டவுன் பள்ளியில் ஒரு சாமான்கூட இல்லை. எங்களுடைய கட்டைகள் மூலை மழுங்கி, பிள்ளைகளின் கையழுக்கு ஏறிக் கறுத்திருந்தன.

அவர் பூட்டினார். தோழி என்னைப் பார்த்தாள். பெட்டிகள் எங்கள் பள்ளியுடையவை. என் பொறுப்பில் வந்தவை. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் என் பெட்டியையாவது அவர் திறந்து கொடுத்திருப்பார். நான் சொல்லவில்லை. கட்டை ஒன்று குறைந்தாலும் திரும்பிப் போய்ப் பதில் சொல்ல வேண்டுமே என்று எனக்கும் இருந்தது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரிய வாத்தியாருக்கும் எனக்கும் அந்த நிமிஷத்தில் வித்தியாசம் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் தங்கியிருந்த வீட்டில் நாங்கள் இருவரும் பாடத்தை ஒத்திகை பார்த்தோம். நான் பிள்ளையாக உட்கார்ந்தேன், அவள் ஆசிரியை. பழைய குரல் திரும்பி வந்தது. "சிவப்புல மூணு எடு. இப்பம் பச்சையில ரெண்டு. சேத்து வையி. எத்தனை இருக்குன்னு நீயே சொல்லு." நான் இல்லாத கட்டைகளை எடுத்து எடுத்து வைத்தேன். இதைவிட நல்ல பாடம் யாராலும் நடத்த முடியாது என்று அவளிடம் சொன்னேன்.

"பிள்ளையள் எப்படி இருக்குமோ" என்றாள்.

"ஒம் பிள்ளையள் தங்கமா இருக்கு. காலையில பாத்தேனே, ஒண்ணாவது அசைஞ்சுதா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தலைப்பாகை, மூடிய கோட்டு, கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. பேச்சு மெதுவாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, ஆரம்பிக்கலாம்" என்றார். பெரிய வாத்தியார் பூட்டைத் திறந்தார். தோழியின் சாமானையும் என் பெட்டிச் சாமானையும் அவரே பாயில் பரப்பி வைத்தார். துணிப்பந்துகள், கட்டைகள், குன்றிமணி, ஓலைக்கீற்று. வெயில் சன்னல் வழியாகப் பாயில் விழுந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. பிள்ளைகளின் கண்கள் அகன்றன.

தோழி பாயருகே தரையில் உட்கார்ந்தாள். "வாங்க, எல்லாரும் பக்கத்துல வாங்க" என்றாள்.

யாரும் வரவில்லை. சுண்ணாம்புக் கோடு அங்கேயே இருந்தது. பாய் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

அவள் எழுந்து பாயைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்தாள். பிள்ளைகள் பாயளவுக்குப் பின்னால் நகர்ந்தார்கள். கட்டிய கை கட்டியபடி. "சிவப்புல மூணு எடுங்க, பாப்போம்" என்றாள். அவள் குரலில் நடுக்கம் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கட்டைகளைப் பார்த்தாள், பிறகு பெரிய வாத்தியாரைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

பெரிய வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. "எடுங்க, எடுங்க. டீச்சரம்மா சொல்லுதாவல்லா" என்றார். அவர் ஓர் அடி முன்னால் வந்ததும் பின்வரிசை எழுந்து நின்றது. "ஏலே, எடுங்கலே!" என்று அதட்டினார். ஒரு பையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

"நான் தொடல ஐயா. நான் தொடவே இல்ல."

அடுத்தவனும் சொன்னான். பிறகு வரிசை முழுவதும், வாய்ப்பாடு சொல்லும் அதே ராகத்தில், தொடல ஐயா, தொடல ஐயா என்றது. ஓராண்டில் அந்த அறையில் எந்தப் பாடத்தையும் அவர்கள் இவ்வளவு நன்றாகப் படித்திருக்கமாட்டார்கள்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் ஒரு துணிப்பந்தை எடுத்து அந்தச் சிறுமியின் கையில் வைத்தேன். சுட்ட பண்டத்தைப் பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடித்தாள். பிறகு குனிந்து, எடுத்த இடத்திலேயே, பக்கத்துப் பந்துக்கு நேராக இருக்கும்படி சரிபார்த்து வைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் என்னை அப்போதுதான் கவனித்தார். "நீங்க போன வாரம் டவுன்ல பாடம் நடத்தினவங்க இல்லையா?"

"ஆமாம் ஐயா."

"நல்ல பாடம். குழந்தைகள் என்ன சுறுசுறுப்பு! கட்டையை எல்லாம் அவங்களே பிடுங்கி வச்சுக்கிட்டு..." அவர் சிரித்தார். பிறகு என் தோழியைப் பார்த்தார். "இவங்களும் அதே பயிற்சிதானே?"

"அதே பயிற்சிதான் ஐயா" என்று தோழியே சொன்னாள்.

இவர் என்னைவிட நன்றாக நடத்துவார், சாமான் ஓராண்டாகப் பூட்டிக் கிடந்தது என்று நான் சொல்லத் தொடங்கினேன். பெரிய வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன். தோழி என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்தப் பள்ளியில் அதற்குப் பிறகும் இருக்க வேண்டியவள். நான் நிறுத்திக்கொண்டேன். இன்ஸ்பெக்டர், "பாடத்தைத்தான் நான் பார்க்க முடியும் அம்மா" என்றார், கடுமை இல்லாமல்.

அதன்பிறகு பெரிய வாத்தியார் இன்ஸ்பெக்டரை வாய்ப்பாடு கேட்கச் சொன்னார். பிள்ளைகள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஒரு தப்பில்லாமல் சொன்னார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் அலமாரியைப் பார்வையிட்டார். ஒரு சாமானும் குறையவில்லை. பள்ளிக்கூடம் ஒப்பப்பட்டது. தோழியின் பாடம் ஒப்பப்படவில்லை.

இன்ஸ்பெக்டருக்குச் சமைத்த சாப்பாட்டில் எங்களுக்கும் மிஞ்சியிருந்தது. தோழி எனக்கு இலை போட்டாள்.

"என்னத்துக்குட்டி மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க? எனக்குப் போச்சா, ஒனக்குப் போச்சா? சாப்பிடு."

"நான் ஒரு வாரம் முந்தி வந்திருக்கணும்."

"வந்திருந்தா? அந்தப் பூட்டுக்கு எதிர்த்தாப்புல நீயும் ஒரு வாரம் உக்காந்திருப்ப. கொழம்பு ஊத்தட்டா?"

நான் கையை மடக்கிக்கொண்டு சொன்னேன்: "வரும் வருஷம் நாம எடம் மாத்திக்கிடுவோம். நீ டவுனுக்குப் போ. சித்தி வீட்டுல இருந்துக்க. நான் இங்கன வாரேன். மானேஜர்ட்ட நான் கேக்கேன்."

அவள் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தவில்லை. "ஒனக்கு ஒப்பியாச்சு. எனக்கு ஒப்பல. ஒப்பாதவள டவுன்ல எடுத்தா அவங்களுக்குக் கிராண்டு கெடைக்குமா? நீ கேட்டா அந்த ஐயா சிரிப்பாரு. ஏட்டி, இது ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். சொல்லும்போதே தெரியும். அவள் மறுக்கமாட்டாள் என்று நினைத்திருந்தால் நான் அதைச் சொல்லியிருப்பேனா என்பதை இத்தனை ஆண்டுகளில் பலமுறை யோசித்திருக்கிறேன். பிற்காலத்தில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதும் வேலை பார்த்தேன். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று அங்கே பழக்கினார்கள். பார்த்ததை எழுதினால் இப்படித்தான் வரும்: நான் இடம் மாற்றிக்கொள்வோம் என்று சொன்னேன், அவள் மறுத்தாள், நான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பெட்டிகளை எண்ணி வாங்கிக்கொண்டேன். பெரிய வாத்தியாரே வண்டிவரை தூக்கிவந்தார். வண்டிக்காரர் மாடு பூட்டும்வரை பக்கத்தில் நின்றார். "நான் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்" என்றார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் செய்ததற்காக அல்ல. "தெரியும் ஐயா" என்றேன்.

டவுனுக்கு வந்ததும் தலைமையாசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றே மானேஜரைப் பார்க்கப் போனார். பயிற்சி கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை, போகிற இடத்தில் அதைச் செய்யவிட ஆள் வேண்டும், அந்தப் பெண்ணுக்கு இன்னோர் ஆண்டு கொடுங்கள், நான் வேண்டுமானால் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறார். மானேஜர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நல்ல யோசனை என்றார். ஆனால் ஒன்றாம் வகுப்புக்குச் சான்றிதழ் இல்லாத ஆளை இரண்டாவது ஆண்டும் வைத்திருந்தால் அந்தப் பள்ளியின் கிராண்டு நிற்காது என்றார்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பெட்டிகளைக் கண்டதும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். மூடியைத் திறக்குமுன்பே ஒருத்தி கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நான் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்ன டீச்சரம்மா, மேலுக்கு முடியலையா என்று பள்ளிக்கூட ஆயா கேட்டாள். வண்டியில் வந்த அலுப்பு என்றேன்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது, முதலிலேயே திட்டமிட்டிருந்தபடி, எனக்கு இரண்டாம் வகுப்பு முழுவதும் கிடைத்தது. கொற்கைப் பக்கத்துப் பள்ளிக்கு ஒன்றாம் வகுப்புக்கென்று சான்றிதழ் பெற்ற ஓர் ஆசிரியர் வந்தார். என் தோழியைப் பள்ளியை விட்டு அனுப்பவில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டார்கள். தையல் சொல்லிக்கொடுக்க அப்போது சான்றிதழ் கேட்பதில்லை.